தினசரி வேலைக்கும் கண்மாய்க் காட்டுக்கும் ஒரே பைக்: செட்டிநாட்டில் எதை வாங்கலாம்?

தம்பி கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். வீடு கானாடுகாத்தான், வேலை காரைக்குடியில். போக வர ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர் தார்ச்சாலை. தோட்டம் உள்ளடங்கி இருப்பதால் கடைசி 3 கிலோமீட்டர் கிராவல் தடமும் கண்மாய்க் கரையும். ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு காட்டுப்பக்கம் ஓட்டவும் ஆசை. உயரம் 5 அடி 5 அங்குலம், கையில் இரண்டேகால் லட்சம். வீட்டில் அப்பாவின் ஸ்ப்ளெண்டர் நிற்கிறது. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனா, ஹீரோ எக்ஸ்பல்ஸா, வேறு ஏதாவதா? ஸ்ப்ளெண்டரை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடலாமா?

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். 170 கிலோவைத் தாண்டிய வண்டி உங்களுக்கு வேண்டாம். ஹீரோ எக்ஸ்பல்ஸ் எடுங்கள். புதிது என்றால் 210 மாடல். பழையதில் நல்லதாக அகப்பட்டால் 200 4வி. ஹிமாலயன் நல்ல வண்டிதான், ஆனால் உங்கள் ஓட்டத்துக்கு ஏற்றதல்ல.

காட்டில் ஓட்ட எத்தனை சிசி வேண்டும் என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். நம் பக்கம் கோடையில் வற்றிக் கிடக்கும் கண்மாய்க்குள் தினமும் வண்டி விடுவது யார் என்று பாருங்கள். டிவிஎஸ் எக்ஸ்எல்காரர்தான். முழுசாக 100 சிசி கிடையாது, கியர் கிடையாது, 16 அங்குலச் சக்கரம். முன்னால் உர மூட்டை, பின்னால் புல்லுக்கட்டு. மணலில் புதைந்தால் இறங்குவார், பின்பக்கத்தை ஒரு தூக்கு தூக்கி ஓரமாக வைப்பார், போய்விடுவார். அந்த வண்டி 90 கிலோகூட வராது, அதனால்தான் முடிகிறது. அதே இடத்தில் 199 கிலோ ஹிமாலயன் 411 சாய்ந்தால், தனியாளாக நிமிர்த்துவதற்குள் சட்டை பிழிந்துவிடும். இரண்டாம் தடவை சாய்ந்தால் யாராவது வருகிறார்களா என்று கரையைப் பார்த்து நிற்க வேண்டியதுதான்.

தோட்டத்துக்குப் போவதற்கு மட்டும் என்றால் உங்களுக்குப் புது வண்டியே தேவையில்லை. ஸ்ப்ளெண்டர் இத்தனை வருஷம் போய்க்கொண்டுதானே இருக்கிறது. புது வண்டியில் கூடுதலாக என்ன கிடைக்கிறது? ஷாக் நீளமாக இறங்கி ஏறும். அடிவயிறு தரையில் தட்டாது. சக்கரம் பெரிதாக இருப்பதால் பள்ளத்தில் விழாமல் தாண்டும். எழுந்து நின்று ஓட்டினாலும் கை எட்டும். ஸ்ப்ளெண்டரில் 15 கிலோமீட்டர் வேகத்தில் உருட்டிப் போகிற தடத்தில் 35-இல் பயமில்லாமல் போகலாம். இது உங்களுக்கு வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆசை இருப்பதால் வேண்டும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

இனி நம் மண். யூட்யூபில் காட்டுவதெல்லாம் லடாக் பாறை, ஸ்பிட்டி ஆற்றுக்குறுக்கு, கோவா கடற்கரை. நம்மூர்த் தடம் வேறு. அடியில் செம்புறாங்கல் தளம் இறுகிக் கிடக்கும், அதன் மேல் உருண்டை உருண்டையாகச் சரளை. பார்க்கச் சமதளம்தான். வளைவில் லேசாகச் சாய்த்தால் போதும், முன்சக்கரம் வழுக்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கடுகைக் கொட்டிவிட்டு அதன் மேல் நடக்கிற மாதிரி. இங்கே குதிரைத்திறன் உதவாது. டயரின் பட்டனும் (துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகள்) அகலமான ஹேண்டில்பாரும் முன்பிரேக்கை விரலால் தடவிப் பிடிக்கிற பழக்கமும்தான் உதவும். ஐப்பசி, கார்த்திகையில் கதை மாறும். கண்மாய் உள்வாயில் கிடக்கும் வண்டல் களிமண் டயரில் அப்பிக்கொண்டு மட்கார்டு இடுக்கில் அடைத்துவிடும், சக்கரமே சுற்றாது. தார்ச்சாலை வண்டிகளில் மட்கார்டு டயரை ஒட்டி இருப்பதால் அவை முதலில் நிற்கும். கடைக்குப் போனால் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே விரலை விட்டுப் பாருங்கள். இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும்.

முன்சக்கரம் 21 அங்குலமா, 19-ஆ, 17-ஆ? சக்கரம் பெரிதானால் கல்லையும் வரப்பையும் ஏறிக் கடக்கும். அதற்குப் பதில் தார்ச்சாலை வளைவில் திரும்ப ஒரு நொடி சோம்பும். எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன் இரண்டிலும் 21. சுசுகி வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ்-இல் 19. அட்வென்ச்சர் தோற்றத்தில் வந்து 17 அங்குலத்தில் நிற்கிற வண்டிகளை உயரமான தார்ச்சாலை வண்டி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தோட்டத் தடத்துக்கு 19 போதும். மழைநீர் அறுத்துப்போட்ட ஓடைத் தடங்களில் விளையாட வேண்டுமென்றால் 21 நல்லது.

நம் மாவட்டத்தில் பைக் வாங்குகிறவர் எல்லாவற்றுக்கும் மேலாக யோசிக்க வேண்டியது சீமைக் கருவேல முள். சிவகங்கை, ராமநாதபுரம் இரண்டிலும் கண்மாய்க்குக் கண்மாய் இதுதான் நிற்கிறது. உயிரோடு நிற்கும் மரம் அவ்வளவு தொல்லையில்லை. வெட்டிக் கரிமூட்டம் போடுகிற இடத்துக்குப் போகும் தடத்தில்தான் காய்ந்த மிலாறுகள் சிதறிக் கிடக்கும். காய்ந்த முள் ஆணிக்குச் சமம்.

ஸ்போக் சக்கரத்தில் பெரும்பாலும் டியூப்தான். எக்ஸ்பல்ஸும் ஹிமாலயன் 411-உம் அப்படித்தான். முள் ஏறினால் சில நிமிஷத்தில் காற்று போய்விடும், சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டும். அலாய் சக்கரத்தில் டியூப்லெஸ் என்றால் முள் குத்தி நின்றாலும் காற்று மெதுவாகத்தான் இறங்கும். அதைப் பிடுங்காமல் ஊர் வந்து சேரலாம். இல்லை, பஞ்சர் கிட்டில் இருக்கிற ரப்பர் திரியைச் சொருகிவிட்டு ஓட்டலாம், பத்து நிமிஷ வேலை. நம் மண்ணுக்கு டியூப்லெஸ்தான் நிம்மதி என்று இதனால் சொல்பவர்கள் உண்டு. அதில் பாதி சரி. மறுபாதி என்னவென்றால், புறாங்கல் விளிம்பில் வேகமாக அடித்தால் அலாய் ரிம் விரிசல் விடும் அல்லது நெளியும். நெளிந்த இடத்தில் காற்று நிற்காது. ஸ்போக் சக்கரம் வளைந்தால் காரைக்குடியில் கோட்டம் எடுத்துவிடலாம்.

எக்ஸ்பல்ஸ் எடுத்தால் முள்ளுக்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். ஓட்டை அடைக்கும் திரவத்தை டியூபுக்குள் விட்டு வையுங்கள், சின்ன முள்ளுக்கு அது தாங்கும். 21 அங்குல டியூப் ஒன்றை எப்போதும் வண்டியிலேயே கட்டி வையுங்கள். சாலையோரப் பஞ்சர் கடையில் 17, 18 அங்குல டியூப் தொங்கும். 21 கேட்டால் கடைக்காரர் உங்களையே திருப்பிப் பார்ப்பார். அவசரத்துக்கு 21 அங்குல டியூபைப் பின்னால் உள்ள 18 அங்குலச் சக்கரத்துக்குள் மடங்காமல் திணித்து மெதுவாக ஊர் வந்துவிடலாம். ஆனால் 18 அங்குல டியூபை முன்சக்கரத்துக்கு இழுத்து மாட்டினால் தாங்காது. ஒரே ஒரு டியூப் சுமப்பதானால் எதைச் சுமப்பது என்பதற்கு விடை அதிலேயே இருக்கிறது.

புது டியூப் மாட்டுவதற்கு முன் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு, பஞ்சர் கடைக்காரர்களே சில சமயம் அவசரத்தில் விட்டுவிடுவார்கள். கருவேல முள் ரப்பருக்குள் ஒடிந்து நிற்கும். வெளியே பார்த்தால் ஒரு கரும்புள்ளி, அவ்வளவுதான். உள்ளே அரை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் முனை அடுத்த டியூபையும் பத்து கிலோமீட்டரில் குத்திவிடும். டயரின் உள்பக்கத்தை வெறும் விரலால் தடவாதீர்கள், விரல் கிழியும். பழைய பனியன் துணியைச் சுருட்டி உள்சுற்று முழுக்க இழுத்துக்கொண்டு வாருங்கள். எங்கே நூல் சிக்குகிறதோ அங்கே முள். வெளிப்பக்கத்திலிருந்து குறடால் பிடுங்க வரவில்லையென்றால் உள்ளிருந்து வெளியே குத்தித் தள்ளுங்கள்.

மணலில் போகும்போது காற்றைக் குறைப்பது எல்லாருக்கும் தெரிந்த வித்தைதான். ஆனால் டியூப் வண்டியில் அளவு மீறக் கூடாது. 28 பிஎஸ்ஐ வைத்து ஓட்டுகிறவர் 20 வரை இறக்கலாம். அதற்கும் கீழே போனால் கல்லில் இடிக்கும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கிப் பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். தார்ச்சாலைக்கு வந்ததும் மறக்காமல் ஏற்றிவிடுங்கள். கால் பம்பு ஒன்று 500 ரூபாய்க்குக் கிடைக்கிறது.

உயரம் பற்றிப் பயந்திருக்கிறீர்கள். எக்ஸ்பல்ஸ் 200 4வி-யின் இருக்கை 825 மி.மீ., 210-இல் 830. உங்கள் உயரத்துக்கு இது அதிகம் என்று காகிதத்தில் தோன்றும். வண்டியில் ஆள் உட்கார்ந்ததும் ஷாக் தன் மொத்த ஓட்டத்தில் கால்வாசியாவது இறங்கிவிடும். 200 4வி-யில் பின்ஷாக் ஓட்டம் 170 மி.மீ.; நாற்பது மி.மீ. கணக்கில் இறக்கமாகிவிட்டது. இரண்டு காலும் முழுசாகப் பதியாது, ஒரு கால் நன்றாகப் பதியும், அது போதும். இடுப்பை ஒரு பக்கம் நகர்த்தி இடது காலை மட்டும் ஊன்றப் பழகிக்கொள்ளுங்கள். ஷோரூமில் செருப்போடு போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு எட்டவில்லை என்று திரும்பாதீர்கள். ஓட்டும்போது போடுகிற ஷூவோடு போங்கள். எக்ஸ்பல்ஸ் புரோ என்று ஒன்று வரும், அதன் இருக்கை 891 மி.மீ. அந்தப் பக்கம் போகவே வேண்டாம். கவாசாகி கேஎல்எக்ஸ் 230 எடை குறைந்த அருமையான மண்வண்டி. ஆனால் இருக்கை 880, டேங்க் 7.6 லிட்டர். தினமும் வேலைக்குப் போகிற ஆளுக்கு அது ஒத்துவராது.

உயரத்தில் உங்களைவிட யோசிக்க வேண்டியது பின்னால் உட்காருகிற ஆள். குன்றக்குடிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் அம்மாவைக் கூட்டிப் போவீர்கள். சேலையோடு ஒருபக்கமாக ஏறி உட்கார இந்த வண்டிகள் எல்லாமே உயரம். சேலைக் கார்டும் இடப்பக்கம் ஒரு நல்ல ஃபுட்ரெஸ்டும் கட்டாயம் போட்டு வாங்குங்கள். காட்டுக்குப் போகும்போது இடிக்கிறது என்று கழற்றிப் போட்டுவிட வேண்டாம். வாங்குவதற்கு முன் அம்மாவை ஒரு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்துவிடுங்கள். வீட்டில் இந்தப் பேச்சு பிறகு வருவதைவிட முன்னால் வருவது நல்லது.

இன்னொன்றும் வீட்டோடு சேர்ந்தது. நம் வீடுகள் தரைமட்டத்திலிருந்து மூன்று நாலு படி ஏறித்தான் இருக்கும். ராத்திரி படியில் பலகை போட்டு வண்டியை உள்ளே ஏற்றுகிற வழக்கம் இருந்தால், அந்தப் பலகையில் 199 கிலோவைத் தினமும் தள்ளி ஏற்ற முடியுமா? எக்ஸ்பல்ஸ் 200 4வி 159 கிலோ, 210 அதைவிடப் பத்துக் கிலோ அளவுக்கு அதிகம், வி-ஸ்ட்ரோம் 167. நாற்பது கிலோ வித்தியாசம் பலகையில் நன்றாகத் தெரியும்.

ஏபிஎஸ் விஷயம். 125 சிசிக்கு மேலான வண்டியில் இது கட்டாயம், தார்ச்சாலையில் உயிர் காக்கும். சரளையில் மட்டும் அது எதிராக வேலை செய்யும். சக்கரம் பூட்டிக்கொண்டால் முன்னால் சரளை குவிந்து வண்டியை நிறுத்தும். ஏபிஎஸ் பூட்டவிடாமல் விட்டுவிட்டுப் பிடிப்பதால் இறக்கத்தில் வண்டி போய்க்கொண்டே இருக்கும். அதனால் பின்சக்கரத்துக்காவது அணைக்க வசதி வேண்டும். எக்ஸ்பல்ஸ் 200 4வி-யில் ஏபிஎஸ் முன்சக்கரத்துக்கு மட்டும்தான், பின்னால் இல்லவே இல்லை. மண்ணில் அதுவே வசதி. வி-ஸ்ட்ரோமில் இரண்டு சக்கரத்துக்கும் உண்டு, அணைக்க முடியாது. கண்மாய்க் கரையிலிருந்து இறங்கும்போது இது தெரியும்.

இப்போது வண்டிகளை வரிசையாக ஒரு பார்வை. எக்ஸ்பல்ஸ் 200 4வி: சுமார் 19 குதிரைத்திறன், ஐந்து கியர். காரைக்குடிக்குள் அருமை, மண்ணில் அருமை. திருச்சி–ராமேஸ்வரம் நெடுஞ்சாலையில் 90-ஐத் தாண்டினால் இன்ஜின் கத்தும், கையில் அதிர்வு வரும். 2025-இல் வந்த 210-இல் தண்ணீர்க் குளிர்ச்சி, ஆறு கியர், 24-க்கு மேல் குதிரைத்திறன். அந்தக் குறை பெருமளவு போய்விட்டது. வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ்: 249 சிசி, 26.5 குதிரைத்திறன், நெடுஞ்சாலைக்கு மூன்றிலும் இதுதான் சுகம், டியூப்லெஸ் வேறு. தரையிடைவெளி 205 மி.மீ., ஷாக் ஓட்டம் குறைவு. வாரத்தில் ஆறு நாள் சாலை, ஒரு நாள் சும்மா கிராவல் என்றால் இதையே சொல்வேன். விலை உங்கள் கணக்கைக் கொஞ்சம் தாண்டும். ஹிமாலயன் 411 இப்போது பழையதில்தான் கிடைக்கும். 800 மி.மீ. இருக்கை, 32 என்எம் இழுவை, 15 லிட்டர் டேங்க். மூட்டையைக் கட்டிக்கொண்டு கொடைக்கானல், தனுஷ்கோடி என்று அலைகிறவருக்கு இன்றும் இதற்கு நிகர் குறைவு. தினம் 30 கிலோமீட்டரும் தோட்டமும் அதற்கான வேலை அல்ல. புது ஹிமாலயன் 450 உங்கள் பணத்துக்கு எட்டாது.

எட்டாததற்கு வரியும் ஒரு காரணம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40. அதோடு தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேலான இருசக்கர வண்டிக்குச் சாலை வரி 12 சதவீதம். ஐந்து வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் புது வண்டியோடு கட்டாயம். விளம்பரத்தில் போடுகிற எக்ஸ்-ஷோரூம் விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். 210 எல்லாம் சேர்த்தும் உங்கள் பணத்துக்குள் அடங்கும், பாதுகாப்புச் சாமான்களுக்கும் கொஞ்சம் மிஞ்சும்.

மைலேஜைப் பற்றி அதிகம் மண்டையை உடைக்க வேண்டாம். மாதம் 750 கிலோமீட்டர் என்றால், லிட்டருக்கு 37 தருகிற வண்டிக்கும் 29 தருகிற வண்டிக்கும் வித்தியாசம் ஆறு லிட்டருக்குள்தான். பணம் கரைகிற இடம் டயரும் செயின் செட்டும். பெரிய பட்டன் டயர் மாட்டினால் சரளையில் நன்றாகக் கவ்வும், ஆனால் தினசரி தார் ஓட்டத்தில் பட்டன் சீக்கிரம் தேயும், மழை ஈரத்தில் பிரேக் பிடிக்கும்போது வழுக்கும். கம்பெனியோடு வருகிற, தாருக்குப் பாதி மண்ணுக்குப் பாதி என்ற ரக டயரைத் தேயும்வரை ஓட்டுங்கள். மாற்றும்போதும் அதே ரகம் போதும்.

முதல் மாதமே போட வேண்டியவை: ஹேண்டில்பாரில் மாட்டும் கைக் கார்டு, அதுவும் உள்ளே இரும்புப் பட்டை உள்ளது. கீழே விழுந்தால் லீவர் உடையாமல் காப்பது ஒரு பக்கம். தடத்தின் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் கருவேலக் கிளை விரல் முட்டியைக் கிழிக்காமல் இருக்க இது வேண்டும். 210 வாங்கினால் ரேடியேட்டருக்கு முன் ஒரு வலை. விளக்குச் சரம், பெட்டி எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

செம்மண் புழுதி மாவு போல நுணுக்கமானது, எங்கும் நுழையும். புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டரில் பாதியிலேயே ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். செயினுக்குப் பழைய இன்ஜின் ஆயில் விடுகிற வழக்கத்தை இந்த வண்டியில் விட்டுவிடுங்கள். எண்ணெயும் புழுதியும் சேர்ந்து அரைக்கும் பசையாகிவிடும். துடைத்துவிட்டு உலர்ந்து நிற்கிற செயின் லூப்ரிகன்ட் அடியுங்கள். முன்ஃபோர்க்கின் பளபளப்பான பகுதியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தால் ஆயில் சீல் நீடிக்கும்.

பழையது பார்ப்பதானால் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். அவர் வருவதற்குள் நீங்களே சிலவற்றைப் பார்க்கலாம். ஸ்போக் ஒவ்வொன்றையும் ஸ்பானரால் தட்டுங்கள், மந்தமான சத்தம் வந்தால் அது தளர்ந்தது. சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டியில் முன்சக்கரத்தை யாரையாவது தூக்கிப் பிடிக்கச் சொல்லி ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் ஓரிடத்தில் சிக்கினால் கோன்செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) போய்விட்டது. இன்ஜின் அடித்தகட்டில் கீறல் இருப்பது பரவாயில்லை, வெல்டிங் இருந்தால் வேண்டாம். சர்வீஸ் சென்டர் காரைக்குடியிலேயே இருக்கிற கம்பெனியா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கிளட்ச் கேபிளுக்காக மதுரைக்கும் திருச்சிக்கும் அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

எங்கே ஓட்டலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். தைலமரக் காட்டு ஓரத் தடங்கள், பொட்டல்கள், வற்றிய கண்மாயின் உள்வாய், சிங்கம்புணரி தாண்டிப் பிரான்மலை அடிவாரம் என்று இடத்துக்குக் குறைவில்லை. மழைக்காலத்தில் கண்மாய்க் கரை மேல் மட்டும் வேண்டாம். ஈரக் கரையில் சக்கரம் போட்ட தடம் தண்ணீர் ஓடும் வாய்க்காலாகிறது, கரை அங்கேதான் அறுக்கும். ஊரணிக்குள் வண்டியை இறக்குவதும் கழுவுவதும் ஊரார் அடிக்க வருவதற்குப் போதுமான காரணம், அவர்கள் பக்கம்தான் நியாயம். வேட்டங்குடி பறவைகள் சரணாலயப் பக்கம் சைலன்சர் மாற்றிய வண்டியோடு போகிற நண்பர்களைக் கூட்டிப் போகாதீர்கள். அந்த ஊர்க்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்கே வெடி போடாதவர்கள்.

கடைசியாக ஸ்ப்ளெண்டர். கொடுக்காதீர்கள். எக்ஸ்சேஞ்சில் தருகிற தொகை ஒரு செட் டயருக்கும் செயினுக்கும் சரியாகப் போகும். எக்ஸ்பல்ஸில் உர மூட்டையை வைக்க இடமே கிடையாது. தோட்டத்துக்குச் சாமான் போக ஸ்ப்ளெண்டர் வேண்டும், அப்பாவுக்கும் 830 மி.மீ. இருக்கையில் காலைத் தூக்கிப் போடச் சொல்ல முடியாது. ஆர்.சி. புத்தகத்தில் வருஷத்தை மட்டும் பாருங்கள். பதிவாகி 15 வருஷம் நெருங்கியிருந்தால் காரைக்குடியில் எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று) காட்டி ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டும், அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.